செடிக் குறிப்பேடு பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நல்லபடியாக முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டோம். மதிப்பெண் அட்டையில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் இந்த வாரத்துக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள். தேர்ச்சி பொதுவாக நன்றாகவே இருக்கிறது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கில் மட்டும் இன்னும் பயிற்சி வேண்டும். குறுவட்டப் போட்டியில் கபடி அணி இறுதிச் சுற்று வரை போனது. பேச்சு, ஓவியம், கோலம் எல்லாவற்றிலும் பரிசுகள் வந்திருக்கின்றன. ஆண்டு விழா மாசியில், தேதி பிறகு. இதையெல்லாம் பிள்ளைகளே வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

நான் எழுத வந்தது செடிக் குறிப்பேட்டைப் பற்றி.

ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆசிரியர்கள் கொடுத்த வேலை மிகச் சாதாரணமானது. வீட்டுப் பக்கத்திலோ வரப்பிலோ தானாக முளைத்த ஒரு செடியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை அதைப் போய்ப் பார்த்து, படம் வரைந்து, எப்போது பூத்தது, என்ன பூச்சி வந்தது என்று எழுத வேண்டும். அந்தச் செடியை முன்பு எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும். செடியைப் பிடுங்கக் கூடாது. இதற்கு ஐந்து பைசா செலவு கிடையாது.

டிசம்பரில் வந்து சேர்ந்த குறிப்பேடுகளில் பெரும்பகுதி பிள்ளைகள் எழுதியவை அல்ல. ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அட்டையில் ஜிகினா ஒட்டி வந்திருக்கின்றன. நான்கு பேருடைய குறிப்பேட்டில் ஒரே படம், ஒரே வரிகள், ஒரே எழுத்துப்பிழை. இரண்டில் லாவெண்டர் இருந்தது. நத்தம் வட்டாரத்தில் எந்த வரப்பில் லாவெண்டர் பூக்கிறது என்று தெரிந்தால் நானே போய்ப் பார்க்கத் தயார்.

உங்கள் அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. காலையில் காட்டு வேலை, மாலையில் கடை, நடுவில் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலை. "பாடத்தை முடிக்காமல் புல்லையும் பூண்டையும் ஏன் பார்க்கச் சொல்கிறீர்கள்?" என்று சிலர் போனிலும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

நாங்கள் பார்க்கச் சொன்ன புல்லும் பூண்டும்தான் பாடம். கண்மாய்த் தண்ணீர் ஏன் கலங்கலாகவே இருக்கிறது என்று புத்தகத்தில் படித்தால் இரண்டு நாளில் மறந்துவிடும். ஏழாம் வகுப்பில் இரண்டு மண்பானைகளை வைத்தோம். ஒன்றின் உட்புறத்தில் தேத்தா மரத்தின் விதையான தேத்தான்கொட்டையை நன்றாக இழைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே கலங்கல் நீரை ஊற்றினோம். மறுநாள் இழைத்த பானையில் சேறு அடியில் படிந்திருந்தது. மற்றது அப்படியே கலங்கிக் கிடந்தது. நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன, கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றைச் சேர்த்துக் கட்டிக் கீழே இறக்குகிறது என்பதைப் பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒரே மூச்சில் சொன்னார்கள். தெளிந்த நீரில் கிருமி போய்விடவில்லை, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தோம். வயலுக்குப் பசுந்தாள் உரமாகும் கொழிஞ்சிச் செடியும் இப்படித்தான். உழப்போகும் காட்டில் ஆசிரியர் ஒரே ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறி உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு நிறத்தைக் காட்டினார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியா பிடித்துக் கொடுக்கும் இடம் அது. தாத்தா ஏன் கொழிஞ்சியை மடக்கி உழுதார் என்று ஒரு பையன் அங்கேயே கண்டுபிடித்துவிட்டான்.

எட்டாம் வகுப்பைக் காசம்பட்டி வீரகோவில் காட்டுக்குக் கூட்டிப்போனதும் இதற்காகத்தான். ஐந்து ஹெக்டேர்கூட முழுதாக இல்லாத அந்தக் கோயில்காட்டை 2025-இல் அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து, தமிழ்நாட்டில் இரண்டாவது. இத்தனை காலம் அதைக் காத்தது சாமி மரத்தில் கை வைக்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடு. அரசாணை வந்தது அப்புறம்.

இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியபோது வீட்டில் என்னென்ன செடி சேர்த்தீர்கள், அவை எங்கிருந்து வந்தன என்று எழுதி வரச் சொல்லியிருந்தோம். வேப்பிலையும் மாவிலையும் வாசலிலேயே கிடைத்திருக்கின்றன. ஆவாரம்பூவுக்குச் சற்றுத் தூரம் போயிருக்கிறார்கள். பூளைப்பூவைப் பலர் சந்தையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அது களத்து மேட்டிலேயே கிடந்த செடி என்று பல பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த மேட்டில் இப்போது நிற்பது சீமைக்கருவேலம். ஊரின் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கையெழுத்துக் கோணலாக, அரைப் பக்கத்தில், ஆறாம் வகுப்பு எழுதிவிட்டது.

ஒரு குறிப்பேட்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தும்பையைத் தேர்ந்திருந்தாள். கார்த்திகையில் "பூ வந்தது, மஞ்சள் பட்டாம்பூச்சி உட்கார்ந்தது" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த வாரம்: "அப்பா களைக்கு மருந்து அடித்தார். தும்பை மஞ்சளாகிவிட்டது. பக்கத்து அறுகும் கருகிவிட்டது." அதற்கடுத்து: "அந்த இடத்தில் பார்த்தீனியம் மட்டும் முளைத்திருக்கிறது." படம் சுமார்தான், மூன்று இடத்தில் ஒற்றுப்பிழை. அறிவியல் ஆசிரியர் முழு மதிப்பெண் கொடுத்தார், நானும் அதுதான் சரி என்றேன். அவள் அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூலி ஆள் கிடைக்காத நாளில் அவர் வேறென்ன செய்வார்? ஆனால் எந்தக் கடையிலும் அந்தப் பக்கம் விற்பனைக்குக் கிடைக்காது.

இனி சொல்லப்போவதில் மட்டும் நான் நயம் பார்க்க முடியாது. மதிப்பெண் கூடக் கிடைக்கும் என்று நினைத்து, சிலர் செடியையே வேரோடு பிடுங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு பிள்ளையின் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், பாலித்தீன் பையில் கட்டிய கண்வலிக்கிழங்கு இருந்தது. வேலியில் அழகாகப் பூக்கும் செங்காந்தள்தான், நம் மாநில மலர்தான். ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துக் கம்பெனிகளுக்காகவே பயிர் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் கொடிய விஷம். அதை முறிக்கத் தனி மருந்து கிடையாது. பார்த்தால் ஏதோ சாப்பிடும் கிழங்கு போலத்தான் இருக்கும். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கும் குன்றிமணியும் அப்படியே, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அன்று வகுப்பாசிரியர் பார்த்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை.

எனவே இன்று முதல் செடி, வேர், கிழங்கு, விதை எதையும் ஆசிரியர் கேட்காமல் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது. கடையில் வாங்கிய குறிப்பேடு மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படாது, யார் வந்து சொன்னாலும் சரி. பெரியவர்கள் சொன்ன வைத்தியத்தை எழுதலாம். பிள்ளைகள் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது.

கண்டிப்பாகப் பேசிவிட்டேன் என்று வருத்தப்பட வேண்டாம். திருப்பி அனுப்பும் குறிப்பேடுகளுக்கு யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை. பங்குனி முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், படம் கோணலாக இருந்தாலும் போதும். உங்களிடம் நாங்கள் கேட்பது, வாரத்தில் ஒரு மாலை பிள்ளையோடு வரப்பு வரை நடந்துபோவது. அதுவும் முடியாவிட்டால் அப்பத்தாவோடு அனுப்பி வையுங்கள், இன்னும் நல்லது.

பள்ளியின் பின்பக்க இடத்தையும் இந்தப் பருவத்தில் சரிசெய்கிறோம். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மறுபடி தழைத்துவிடுகிறது, தூரோடு எடுத்தாக வேண்டும். அதற்குத் தன் ஜேசிபியை ஒருநாள் காசு வாங்காமல் அனுப்பி உதவிய பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. காலியான இடத்தில் மழைநீர் ஓடும் பக்கம் வெட்டிவேரும் நொச்சியும் வைக்கப்போகிறோம், மேட்டில் ஆவாரம் விதைக்கப்போகிறோம். அந்தப் பக்கம் ஆடு வராமல் பார்த்துக்கொண்டால் பெரிய உதவி. சீமைக்கருவேலக் காயைத் தின்றுவிட்டு வரும் ஆடுதான் விதையையும் கொண்டுவந்து போடுகிறது.

வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிய பாட்டிமார்களுக்கும், காசம்பட்டிக்கு வேன் ஏற்பாடு செய்தவர்களுக்கும், கேள்வி கேட்டுப் போன் செய்தவர்களுக்கும்கூட என் நன்றி. இதைப் பற்றி நேரில் பேச விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வரலாம்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்

பி.கு.: யார் வீட்டிலாவது தேத்தான்கொட்டை இருந்தால் ஒரு கைப்பிடி கொடுத்து அனுப்புங்கள். எங்களிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் பையில் வேண்டாம், அலுவலகத்தில் நேரில் கொடுங்கள்.