குருத்து வெட்டுவதற்கு முன் ரிட்சுரின் வந்து பார்

தகமாட்சு
ஜூன் 9

அன்புள்ள ராகவா,

உன் கடிதமும் ஆறு படங்களும் கிடைத்தன. ஐ.சி.யூ.வில் கிடக்கும் ஆளைப் பற்றி எழுதுவது போல, தொட்டியில் குட்டையாக வளர்க்கும் உன் போன்சாய் கரும்பைன் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு ஒன்றும் இல்லை. உச்சியில் ஏழெட்டு சென்டிமீட்டர் குருத்து நிமிர்ந்து நிற்கிறது, ஊசி இலைகள் கரும்பச்சையாக இருக்கின்றன. சோனி மரம் இப்படிக் குருத்து விடாது. நாம் கவனிக்க வேண்டியது அதன் பலத்தைத்தான்.

ஊசி பன்னிரண்டு சென்டிமீட்டர் நீண்டு மரமே துடைப்பம் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டிருந்தாய். கரும்பைனின் இயல்பே அதுதான். வசந்தத்தில் வரும் குருத்துக்கு ஏப்ரல் தொடங்கி இலையுதிர் காலம் வரை நேரம் இருக்கிறது, அவ்வளவு நாளும் ஊசி நீளும். அந்தக் குருத்தை ஜூனில் வெட்டினால் அதன் அடியிலிருந்து இரண்டாவது முறை மொட்டு விடும். குளிர் வருவதற்குள் அந்த மொட்டுக்குக் கிடைப்பது சுமார் நூறு நாள். ஊசி குட்டையாக வருவது அதனால்தான். இங்கே இந்த வேலைக்கு மெகிரி என்று பெயர், மொட்டு வெட்டுதல். ஊசியின் நீளத்தை நாம் கத்தரிப்பதில்லை, அது வளரக் கிடைக்கும் நாட்களைக் கத்தரிக்கிறோம். இது பிடிபட்டால் தேதியும் தானே பிடிபடும். பெரிய மரத்துக்கு ஊசி கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் அழகு, அதனால் முன்னதாக வெட்டுவார்கள். கையகல மரத்துக்கு ஜூலை வரை தள்ளிப்போடுவார்கள். உன்னுடையது நாற்பது சென்டிமீட்டர் மரம், நிற்பது நகோயா வெயிலில். ஜூன் 20ஐ ஒட்டி வைத்துக்கொள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. பைனில் உச்சிதான் பலசாலி. கீழ்க்கிளையும் உள்கிளையும் நோஞ்சான்கள். சமமாக வெட்டினால் அடுத்த மொட்டிலும் உச்சிதான் முந்தும். இரண்டு மூன்று வருஷத்தில் கீழ்க்கிளை நிழலில் காய்ந்து விழுந்துவிடும். அதனால் முதல் நாள் பலவீனமான குருத்துகளை மட்டும் வெட்டு. பத்து நாள் கழித்து உச்சியையும் பருத்த நுனிகளையும் வெட்டு. நோஞ்சானுக்கு அந்தப் பத்து நாள் முன்தொடக்கம். இரண்டு தடவை உட்கார நேரமில்லையென்றால் ஒரே நாளில் முடிக்கவும் வழி உண்டு: பலவீனமானதை அடியோடு ஒட்ட வெட்டு, நடுத்தரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் காம்பு விடு, பலமானதுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் விடு. காம்பு நீண்டால் மொட்டு வரத் தாமதமாகும். எனக்குப் பத்து நாள் முறைதான் பிடிக்கும், தப்பைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

வெட்டு நேராக இருக்க வேண்டும். சாய்த்து வெட்டினால் ஒரு பக்கம் மொட்டு பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் வரும். வெட்டும் இடத்துக்குக் கீழே போன வருஷத்து ஊசிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு நுனியிலும் பார்த்துவிட்டுக் கத்தரியை வை. கீழே ஊசியே இல்லாத மொட்டைக் குச்சியில் குருத்தை எடுத்தால் அந்தக் கிளை அதோடு போயிற்று. ஒன்றரை சென்டிமீட்டர்கூட வளராத குருத்தை இந்த வருஷம் தொடாதே. வெட்டிய இடத்தில் பிசின் முத்து முத்தாகத் துளிர்க்கும். மருந்து ஏதும் பூச வேண்டாம், அது தானே அடைத்துக்கொள்ளும். பிசின் நன்றாக வருகிறதென்றால் மரம் திடமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கே தொட்டியின் மேல் உரமாக வைத்திருக்கும் பிண்ணாக்கு உருண்டைகளை எடுத்துவிடு. மறந்தால் புது ஊசியும் பழையபடி நீண்டு, செய்த வேலை வீண். செப்டம்பரில் ஊசி கெட்டியான பிறகு திரும்ப வைக்கலாம்.

அடுத்த ஆபத்து மழை. மெகிரி முடிந்த மரத்தில் குருத்து இல்லை, அதனால் தண்ணீர் உறிஞ்சுவது குறையும். இது சுயு மழைக்காலம் வேறு. தொட்டி நாள் முழுக்க ஊறிக் கிடந்தால் வேர் அழுகும். கூரையடியில் தள்ளி வை, இடமில்லையென்றால் தொட்டியின் ஒரு முனைக்கு அடியில் கட்டையைக் கொடுத்துச் சாய்த்து வை, தேங்கும் நீர் ஒரு மூலைக்கு ஓடி வடிந்துவிடும். தண்ணீர் ஊற்றக் கற்க மூன்று வருஷம் என்று இங்கே பழமொழியே இருக்கிறது. மணிக்கணக்கு பார்த்து ஊற்றாதே. மேல்மண் வெளுத்ததும் ஊற்று, ஒரு நிமிஷம் பொறு, அடித்துளையில் வழியும் வரை மறுபடி ஊற்று.

மூன்று நான்கு வாரத்தில் வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் மூன்று, நான்கு, சில இடத்தில் ஆறு மொட்டுகூட வரும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் விட்டுவைக்கக் கூடாது. ஆகஸ்ட் கடைசியில் இரண்டை மட்டும் நிறுத்தி மற்றதைக் கிள்ளிவிடு. ஒன்று இடம், ஒன்று வலம், நேர் மேலேயும் நேர் கீழேயும் பார்ப்பவை வேண்டாம். பலமான கிளையில் சின்ன மொட்டுகளை வை, பலவீனமான கிளையில் பெரியவற்றை வை. நான்கையும் விட்டால் அந்த இடம் முழங்கை முட்டி மாதிரி வீங்கும். அப்புறம் கிளையில் எந்தக் கம்பியைச் சுற்றி வளைத்தாலும் அதைச் சரி செய்ய முடியாது.

இரண்டாவது படத்தில் ஓரமாக நிற்கும் சின்ன மரத்துக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது. அது கோயோமாட்சு, ஐந்தூசிப் பைன். ஊசிகள் கொத்தாகக் கிளம்பும் ஒரு உறையில் எத்தனை ஊசி என்று எண்ணிப் பார், ஐந்து இருக்கும். கரும்பைனில் இரண்டுதான். ஐந்தூசி வருஷத்துக்கு ஒரு தடவைதான் குருத்து விடும். மெகிரி செய்தால் இரண்டாவது மொட்டு வராது, நுனி மொட்டையாக நின்றுவிடும். அதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் வசந்தத்தில் ஊசி விரிவதற்கு முன் நீண்ட குருத்தை விரலால் பாதி கிள்ளுவதுதான். இந்த வருஷம் அந்த நேரம் போய்விட்டது, சும்மா விடு. அதன் அடித்தண்டையும் பார். மண்ணுக்குச் சற்று மேலே பட்டை திடீரென்று கரடுமுரடாக மாறினால், கரும்பைன் வேரில் ஒட்டுக்கட்டிய மரம். தப்பில்லை, வேர் திடமாக இருக்கும். வாங்கும்போது விலையில் அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேரில் வெள்ளையாகப் பூஞ்சை என்று பயந்திருக்கிறாய். மோந்து பார். காளான் வாசனை அடித்தால் அது பைன் வேரோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் பூஞ்சை, அதைக் கழுவித் தள்ளுவது பாவம். அழுகல் நாற்றமும், இழுத்தால் தோல் உரியும் கறுத்த வேரும் இருந்தால்தான் கவலை. மண் மாற்றுவது அடுத்த மார்ச் கடைசியில் இருக்கட்டும். ஆனால் ஒரு கணக்கு: மண் மாற்றும் வருஷம் மெகிரி கிடையாது. மரத்திடம் ஒரே வருஷத்தில் இரண்டு கடன் வாங்கக் கூடாது. கலவை அகடாமா ஆறு பங்கு, கிரியு மணல் நாலு பங்கு, ஒவ்வொரு மண்மணியும் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர். தூசியைக் கட்டாயம் சலித்து எடு. அகடாமா சுட்ட மண் இல்லை, வெறும் களிமண் மணி. பனியில் உறைந்து உருகி இரண்டு மூன்று வருஷத்தில் உடைந்து சேறாகும், அப்போது நீர் வடியாது. மணல் கலப்பது அதற்குத்தான். வேர்க்கட்டியில் பாதியைக் கலைக்காமல் பழைய மண்ணோடே விடு.

இனி உன் பயணம். கியோட்டோவுக்குப் போகிறேன், தகமாட்சுவும் வரட்டுமா என்று கேட்டாயே. வா. போன்சாய் வளர்க்கிறவன் முதலில் பார்க்க வேண்டிய தோட்டம் இந்த ஊர் ரிட்சுரின் என்பது என் கட்சி. கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயில் தோட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருபத்தைந்துக்குப் பத்து மீட்டர் சரளைப் பரப்பில் பதினைந்து கல், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லை எண்ணிக்கொண்டே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். உன் கைக்கு வேலை கற்றுத்தருவது இங்கே இருக்கும் மரங்கள்தான்.

ரிட்சுரினில் சுமார் 1,400 பைன்கள், அவற்றில் ஆயிரம் மரங்களைத் தோட்டக்காரர்கள் கையாலேயே பராமரிக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கட்டிக் கட்டி 1745ல் முடித்த தோட்டம், 1875ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பின்னால் ஷியுன் மலை பச்சைத் திரை மாதிரி நிற்கும், அதையும் தோட்டத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சூரியன் உதிக்கும்போதே கதவு திறக்கும், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு. ஹிராய்ஹோ மேட்டில் ஏறி வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நீயும் எடுத்துக்கொள், ஆனால் அதற்கு முன் ஹகோமாட்சுவிடம் போ. பெட்டி வடிவில் கத்தரித்த பைன்கள். வெளியே பார்த்தால் வேலி, குனிந்து உள்ளே பார்த்தால் பாம்பு பின்னியது போல முறுக்கிய கிளைகள். எந்தக் கிளையின் அடியில் நின்று மேலே பார்த்தாலும் வானம் துண்டு துண்டாகத் தெரியும். ஊசிகள் மேல்நோக்கி மட்டும் நிற்கும், கீழே தொங்குவது ஒன்றும் இருக்காது. உன் மரத்தின் கீழ்க்கிளைக்கு வெளிச்சம் போக வேண்டும் என்றேனே, அதைப் பெரிய அளவில் இங்கே காணலாம்.

குளிர் தொடங்கும்போது வந்தால் இன்னும் நல்லது. அப்போது பழைய ஊசி பறிக்கும் மொமிஅகே நடக்கும். மூன்று கால் ஏணி போட்டு ஏறுவார்கள். மேடுபள்ளத்திலும் அது ஆடாமல் நிற்கும், மூன்றாவது காலைக் கிளைகளுக்கு நடுவே நுழைத்துவிடலாம். உச்சியிலிருந்துதான் தொடங்குவார்கள், பறித்த குப்பை கீழே விழும் அல்லவா, கீழே முடித்த கிளையை மறுபடி சுத்தம் செய்ய வேண்டியிருக்காது. விரல் நுனியால் ஊசியைக் கீழ்ப்பக்கமாக வருடி இழுப்பார்கள், நுனியில் இந்த வருஷத்து ஊசிகள் மட்டும் நிற்கும். தொட்டி மரத்துக்கு நீ நவம்பர் கடைசியில் சாமணத்தால் செய்யப்போவதும் இதேதான்: உச்சி நுனிகளில் ஐந்தாறு ஜோடி, நடுவில் எட்டு, கீழே பத்துப் பன்னிரண்டு என்று விட்டுவிட வேண்டும்.

இன்னொரு மரத்தைத் தவறவிடாதே. வேர்கள் வெளியே எழும்பி நிற்கும் ஒரு கோயோமாட்சு. ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களில் பதினொன்றாவது ஆளான தோகுகவா இயெனாரி இந்த ஊர்ப் பிரபுவுக்குக் கொடுத்த போன்சாய் அது. 1833ல் தரையில் நட்டார்களாம். இப்போது எட்டு மீட்டர் உயரம். போன்சாய் என்பது குட்டை ஜாதி மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உன் மைத்துனருக்கு அந்த மரத்தைப் படம் எடுத்து அனுப்பு. தொட்டியும் கத்தரியும் விலகினால் மரம் தன் உயரத்துக்குப் போய்விடும்.

மறுநாள் போன்சாய் வளர்க்கும் கினாஷிக்குப் போ. ரயிலில் சில நிமிஷம். கினாஷியும் கொகுபுன்ஜியும் சேர்ந்துதான் ஜப்பானின் பைன் போன்சாயில் எண்பது சதவீதத்தைத் தருகின்றன. கடை என்று நினைத்து வராதே, வயல். வெங்காயம் நட்டது போல வரிசை வரிசையாகப் பைன். மணல் கலந்த, நீர் நிற்காத மண், மழையும் குறைவு. தண்டைப் பருக்க வைக்க ஒரு கிளையை வெட்டாமல் ஆளுயரத்துக்கு ஓடவிட்டிருப்பார்கள், தண்டு போதுமான அளவு பருத்ததும் அதை வெட்டிவிடுவார்கள். பார்க்க விகாரமாகத்தான் இருக்கும். உன் மரத்தின் தண்டில் பின்பக்கம் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதே, அது இப்படி வெட்டிய இடம்தான்.

ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடு. மண்ணோடு செடியை விமானத்தில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் மதுரையில் இதற்கு ஓய்வெடுக்கக் குளிர்காலம் இல்லை, ஓய்வில்லாத பைன் தேய்ந்து சாகும். அங்கே அப்பாவுக்குத் தொட்டியில் வைக்க இச்சியும் புளியும் இருக்கின்றன.

கத்தரி எடுப்பதற்கு முன் உச்சியிலிருந்து கீழ்க்கிளை வரை எல்லாக் குருத்தையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நான்காவது படத்தில் வலப்பக்கக் கீழ்க்கிளையில் ஊசி மஞ்சள் புள்ளியாகத் தெரிகிறது. அதன் அடியில் வெள்ளைக் காகிதம் பிடித்துக் கிளையைத் தட்டிப் பார். காகிதத்தில் தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன். அப்படியிருந்தால் அந்தக் கிளையை மட்டும் இந்த வருஷம் வெட்ட வேண்டாம்.

அன்புடன்,
மணி