முகம் தெரியாத 1214 பேருக்கும், முகம் தெரிந்த சிலருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். எனக்கு வந்த ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்துவிட்டது. கடைசி ஸ்கேனில் நோயின் சுவடு எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். முதலில் வீட்டில் சொன்னேன், அப்புறம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். நன்றி சொல்ல வேண்டிய மற்றவர்களை நினைத்துப் பார்த்தால், பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சிலர் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி என் கழுத்தின் நிணநீர்க் கணுவைப் பரிசோதித்த நோயியல் மருத்துவருக்கு. உங்களை நான் பார்த்ததே இல்லை, அறிக்கையின் அடியில் உங்கள் கையெழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். கழுத்தில் நெறி கட்டியிருந்தது, வலி இல்லை. ராத்திரியில் உடை நனையும் அளவுக்கு வியர்த்தது, எடை குறைந்துகொண்டே வந்தது. காசநோயிலும் இதெல்லாம் இப்படியே வரும். ஊசியால் உறிஞ்சி எடுத்த முதல் மாதிரியில் புற்றுநோய் செல் எதுவும் தென்படவில்லை. காசநோய் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாமா என்ற பேச்சும் வந்தது. அந்த நேரத்தில், இந்த மாதிரியை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, கணுவை முழுசாக எடுத்து அனுப்புங்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது.

ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. இந்த நோயில் வீங்கிய கணுவுக்குள் இருப்பது பெரும்பாலும் சாதாரண நோய் எதிர்ப்பு செல்கள்தான். புற்றுநோய் செல்கள் அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும், பல சமயம் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில். ஊசி முனையில் அவை வந்து சிக்காமலே போகலாம். சிக்கினாலும் கணுவின் அமைப்பு எப்படிக் குலைந்திருக்கிறது என்பது ஊசி மாதிரியில் தெரியாது.

லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்த நோயை 1832இல் விவரித்தபோது, இறந்தவர்களின் உடலில் வீங்கிய கணுக்களையும் மண்ணீரலையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார். நுண்ணோக்கியில் அந்த விசித்திரமான பெரிய செல்லை 1898இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் விவரித்தார். ஆனால் இது காசநோயின் ஒரு வகை என்றே அவர் நினைத்தார். இல்லை, இது தனி நோய் என்று 1902இல் எழுதியவர் டாரதி ரீட் என்ற இளம் பெண் மருத்துவர். இரண்டு உட்கருக்களோடு ஆந்தைக் கண் போலத் தெரியும் அந்த செல்லுக்கு இன்று இருவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் பிரித்துக் காட்டிய அதே இரண்டு நோய்களுக்கு நடுவில்தான் நானும் மாட்டிக்கொண்டிருந்தேன். டாரதி ரீட் அம்மையாருக்கு என் வணக்கம்.

ஆய்வகத்துத் தொழில்நுட்பர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, சி.டி.30, சி.டி.15 என்ற அடையாளப் புரதங்களுக்குத் தனித்தனியாகச் சாயம் ஏற்றியவர்கள் நீங்கள். எந்த லிம்ஃபோமா என்று சரியாகத் தெரியாமல் கொடுக்கும் கீமோ வீண், சில சமயம் ஆபத்தும்கூட. லிம்ஃபோமா என்ற ஒரே பெயருக்குள் பல பத்து நோய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நோயாளியின் உறவினர்கள் யாரும் உங்கள் அறைக்கு வந்து கைகூப்புவதில்லை. அதனால் நான் இங்கிருந்து கைகூப்புகிறேன்.

கணுவை எடுத்த அறுவை மருத்துவருக்கும், தழும்பு வெளியே தெரியாதபடி தையல் போட்டதற்கும் நன்றி.

கீமோ அறையின் நர்ஸ் அக்காக்களே, டாக்ஸோரூபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே அழித்துவிடும் என்று முதல் நாளே மறைக்காமல் சொன்னீர்கள். ஊசியை நீங்களே கையில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, 'எரியுதா? எரிஞ்சா உடனே சொல்லணும்' என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லி வைத்தீர்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று டகார்பசின் என்ற இன்னொரு மருந்தின் பையை மூடித் தொங்கவிட்டபோது அதற்கும் காரணம் சொன்னீர்கள். எனக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். அந்த மரியாதை எனக்குப் பெரிய தைரியம்.

அந்த நாற்காலியில் இருந்தபடிதான் இந்த மருந்துகளின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குக் கொடுத்ததில் ஒன்றான வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. நீரிழிவுக்கு அந்த இலை உதவுமா என்று கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள்தான் குறைந்தன. தேடியது கிடைக்கவில்லை என்று அந்தச் சாற்றைக் கொட்டிவிடாமல், ஏன் குறைந்தது என்று கேட்டார்களே, அதற்கு நன்றி.

ஜே.டி. என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், கதிர்வீச்சும் பலிக்காமல் போன ஒரு லிம்ஃபோமா நோயாளிக்கு நைட்ரஜன் மஸ்டர்டு என்ற மருந்தை முதன்முதலாக நரம்பில் செலுத்தினார்கள். போருக்கான விஷ வாயு ஆராய்ச்சியிலிருந்து வந்த மருந்து அது. கட்டிகள் சுருங்கின, சில வாரங்களில் திரும்ப வந்தன, அந்த வருஷ முடிவுக்குள் அவர் இறந்துவிட்டார். போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை அந்த முடிவுகள் வெளியாகவில்லை. மருந்தால் புற்றுநோயைக் கரைக்க முடியும் என்று உலகம் தெரிந்துகொண்டது அவர் உடம்பின் வழியாக. அவருக்கு வாழ்நாள் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

அந்த மஸ்டர்டோடு வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்து, 1960களில் வின்சென்ட் டிவிட்டாவும் அவர் கூட்டாளிகளும் முற்றிய ஹாட்ஜ்கின் நோயைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். குணமானவர்களில் பலருக்குக் குழந்தை பிறக்காமல் போனது, சிலருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மிலான் நகரில் ஜியான்னி பொனடோன்னா 1970களில் நான்கு மருந்துகளைச் சேர்த்து உருவாக்கிய ஏபிவிடி கூட்டு மருந்தில் அந்த இரண்டு ஆபத்தும் வெகுவாகக் குறைந்தன. எனக்குத் தந்தது அதைத்தான். உயிர் பிழைத்தால் போதும் என்று அவர்கள் நின்றுவிடவில்லை. பிழைத்தவர் எப்படி வாழப்போகிறார் என்றும் கவலைப்பட்டார்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன 1214 பேருக்கு வருகிறேன்.

ஏபிவிடியில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு மருந்து, இரண்டாவது எழுத்து பிளியோமைசின். நுரையீரலைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. நான் நாள் முழுக்க நின்று பேசிப் பாடம் நடத்துகிறவள், மூச்சு இருந்தால்தான் என் பிழைப்பு. இரண்டு சுற்று முடிந்ததும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை உடம்பில் ஏற்றினால் நோய் செல்கள் அதை ஆவலாக உறிஞ்சி, படத்தில் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சை ஈரலோடு ஒப்பிட்டு ஐந்து படிகளில் மதிப்பிடுவார்கள். எனக்குக் கீழ்ப்படிதான் வந்தது. 'பிளியோமைசினை இனி நிறுத்திவிடலாம்' என்றார் டாக்டர். நோய் திரும்பி வராதா என்று கேட்டேன். அதற்கு அவர் காட்டியதுதான் உங்கள் ஆய்வு.

பிரிட்டன் தலைமையில் பல நாடுகளில் நடந்து, 2016இல் முடிவு வெளியான ஆய்வு அது. முற்றிய நிலை ஹாட்ஜ்கின் நோயோடு 1214 பேர் சேர்ந்தீர்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்த 1119 பேரில் 937 பேருக்கு நோயின் பளிச்சு அடங்கியிருந்தது. அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு பிளியோமைசினைத் தொடர்ந்தார்கள், மறு பாதிக்கு நிறுத்தினார்கள். மூன்று வருஷம் கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள் ஒரு பக்கம் 85.7 சதவீதம், மருந்தை நிறுத்திய பக்கம் 84.4 சதவீதம். நிறுத்தியவர்களுக்கு நுரையீரல் தொல்லை குறைவு. ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த கறாரான புள்ளியியல் எல்லையை இந்த முடிவு மயிரிழையில் எட்டவில்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் எடை போட்டு நானும் அவரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

எண்களை விடுங்கள். நான் யோசிப்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷத்தைப் பற்றி. புற்றுநோய் என்று கேட்ட கலக்கமே ஆறியிருக்காது. அந்த நிலையில் ஒருவர் காகிதத்தை நீட்டி, உங்களுக்கு எந்தப் பிரிவு வரும் என்று எங்களுக்கே தெரியாது, மருந்தைக் குறைப்பது நல்லதா என்பதும் இன்னும் தெரியாது என்று சொல்லியிருப்பார். நீங்கள் சரி என்றீர்கள். மருந்தைக் கூட்டும் ஆய்வுக்குச் சம்மதிப்பதற்கே தைரியம் வேண்டும். குறைக்கும் ஆய்வுக்குச் சம்மதிக்க அதைவிடப் பெரிய மனசு வேண்டும் என்பது என் எண்ணம். வீட்டில் எத்தனை பேர் வேண்டாம் என்று தடுத்திருப்பார்கள்! ஸ்கேன் அடங்காமல் இன்னும் கடுமையான மருந்துக்குப் போனவர்களும் உங்களில் உண்டு, பிழைக்காமல் போனவர்களும் உண்டு. பிழைக்காதவர்களின் குடும்பத்தாருக்கு இந்த மடல் எப்படியாவது எட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் இன்று இரண்டு மாடி ஏறிப்போய், நிற்காமல் பாடம் எடுக்கிறேன். அதில் உங்கள் வீட்டாருக்கும் பங்கு இருக்கிறது.

என் பக்கத்து நாற்காலியில் மருந்தேற்றிக்கொண்ட பெரியவருக்குப் பெரிய பி-செல் லிம்ஃபோமா. அவருக்குக் கொடுத்த ரிட்டுக்சிமாப் என்ற மருந்து, கோலர், மில்ஸ்டீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1975இல் கண்டுபிடித்த ஒற்றை வகை எதிர்ப்புரத முறையிலிருந்து வந்தது. பழைய கீமோவோடு அதைச் சேர்த்தால் முதியவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 2002இல் நிரூபித்த ஆய்வில் இருந்தவர்கள் 60 வயதுக்கு மேற்பட்ட 399 பேர். அவர் சார்பிலும் இங்கே நன்றி சொல்லச் சொன்னார். லுகேமியாவோடு அதே வார்டில் இருந்த தம்பிக்கு பிளேட்லெட் கொடுத்தவர்களையும் அவன் குடும்பம் மறக்கவில்லை. பிளேட்லெட்டைச் சில நாள்தான் வைத்திருக்க முடியும், அதனால் யாராவது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். நீங்கள் வந்தீர்கள்.

எல்லோருக்கும் மருந்து கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நோயாளியின் டி-செல் என்ற நோய் எதிர்ப்பு செல்லையே எடுத்து, மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கைவிடப்பட்ட சிலர் அதனால் எழுந்து உட்கார்ந்தார்கள். அதன் விலைதான் இன்னும் பெரும்பாலானோர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதைக் குறைக்கப் பாடுபடுகிறவர்களே, உங்களுக்கும் முன்கூட்டியே என் நன்றி.

அக்கா, என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்தாயே, உனக்குத் தனியாக வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு செய்தி. பரிசோதனை போக மிச்சமிருக்கும் என் திசுவை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிகிச்சைக்குப் பல வருஷம் கழித்து இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்று கேட்கும் நீண்ட காலக் கண்காணிப்பிலும் சேர்ந்திருக்கிறேன். வினாத்தாள் எப்போது வந்தாலும் பதில் அனுப்புவேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் எல்லோராலும் குணமடைந்த ஓர் ஆசிரியை