இரண்டாவது கயிறு

அபர்டீன், ஸ்காட்லாந்து

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கோத்தகிரியில் அம்மாவும் பாட்டியும் சுகம்தானே?

இங்கே டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நம்மூர் உறைபனி வெயில் ஏறினால் விட்டுவிடும். இந்தக் கடற்காற்றுக் குளிர் ஈரத்தோடு எலும்புக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். தெர்மல் உள்சட்டை, கம்பளிச் சட்டை, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் மட்டும் எடுத்து வராதே, வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பை விறைக்க வைக்கும்.

கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலைக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். நீ முக்கூர்த்தியில் எடுத்து அனுப்பிய வரையாட்டுப் படம் மேசையில்தான் இருக்கிறது. முதுகில் சேணம் போட்டதுபோல் வெளுத்திருக்கிறதே, அது நன்றாக வளர்ந்த கிடா. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031தான். எல்லாரும் அதன் துணிச்சலைச் சொல்வார்கள். எனக்கென்னவோ அதைப்போல் முன்ஜாக்கிரதைக்காரன் கிடையாது. புல்வெளியில் மேய்ந்தாலும் பாறைச் சரிவை விட்டு ரொம்ப தூரம் போகாது. செந்நாயோ சிறுத்தையோ வந்தால் ஓட வேண்டிய பாறை பக்கத்திலேயே இருக்கும்.

இந்த வேலைக்கும் அதுதான் அஸ்திவாரம். ஒருவர் மயங்கிவிட்டால் யார், எந்தக் கயிற்றில், எப்படி இறக்குவது என்பதை இறங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் பட்டையில்) அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

ஆளுக்கு எப்போதும் இரண்டு கயிறு. ஒன்றில் இறங்குவோம், மற்றது காப்பு. அதில் மாட்டிய, விழுந்தால் பிடித்து நிறுத்தும் பேக்-அப் கருவியைத் தோளுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். கீழே தொங்கவிட்டால் விழும் தூரம் கூடிவிடும். கயிறு பெரும்பாலும் 11 மி.மீ., அதிகம் நீளாத ரகம். ஆள் எடைக்கு அது அறாது. கூரான விளிம்பில் உரசித்தான் அறும். அதனால் விளிம்பு வரும் இடத்திலெல்லாம் உறை போடுவோம். 8 வடிவ முடிச்சுப் போட்டால், வெளியே நீளும் வால் நுனியை 10 செ.மீ.யாவது விடு. கயிற்றின் கீழ் முனையிலும் ஒரு முடிச்சு வேண்டும். அதைப் போடாமல், கயிறு தீர்ந்தது தெரியாமல் இறங்கி விழுந்தவர்கள் உண்டு.

பூட்ஸ் வாங்கும்போது வரையாட்டுக் குளம்பை நினைத்துக்கொள். ஓரம் கெட்டி, உள்ளே ரப்பர்போல மெத்து. அடி முழுக்கக் கெட்டியாக இருந்தால் ஈர இரும்பில் வழுக்கும். முழுக்க மெத்தென்றிருந்தால் ஏணிப்படியில் பாதம் மடங்கி வலிக்கும்.

மந்தை படுத்து அசைபோடும்போது ஒன்று மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருக்குமே, பெரும்பாலும் பெட்டை. இங்கே அந்த இடம் லெவல் 3, அதாவது மூன்று நிலைச் சான்றிதழில் மேல்நிலை பெற்ற மேற்பார்வையாளருக்கு. ஆள் குறைவு என்று அவரும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வேலையில் மூழ்கும் இடமாக இருந்தால் அங்கே சேராதே.

அந்தச் சான்றிதழைத் தருவது ஐராட்டா, கயிற்று வேலைக்கான சர்வதேசச் சங்கம். முதல் நிலைக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 4 நாள் பயிற்சி, அதன்பிறகு ஒரு நாள் தேர்வு. தேர்வெடுப்பவர் வெளியாள், பயிற்சி மையத்துக்காரர் இல்லை. சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். லெவல் 2-க்கு ஓராண்டும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் கணக்கில் இருக்க வேண்டும். வேலை மணி நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கை அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. சேர்த்துவைத்து எழுதினால் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

அம்மாவிடம் பேச்சை எடுக்கும்போது உயரத்தைச் சொல்லி ஆரம்பிக்காதே. இரண்டாவது கயிற்றை முதலில் சொல்.

அன்புடன்,
அக்கா