ஆண்டறிக்கை: வரைபடத்துக்குச் செலவான பணம் உட்பட

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் நலச் சங்கச் செயற்குழு ஆறு முறை கூடியிருக்க வேண்டும், நான்கு முறை கூடினோம், அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். பொங்கல் விழா நடந்தது. கொசு மருந்து இரண்டு தடவை அடித்தார்கள். மழைநீர் வடிகாலுக்கு மனு கொடுத்தோம், மறுபடியும் கொடுப்போம்.

மீதி நேரமெல்லாம், முன்னோர் மனையையும் வீட்டையும் தேட உதவும் நம் திருவொற்றியூரின் பழைய வரைபடத்துக்குப் போனது. "நலச் சங்கத்துக்கு எதுக்கு சார் பழைய மேப்பு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அப்படிக் கேட்டவர்களில் ஒருவரும் கூட்டத்துக்கு வந்ததில்லை, அது வேறு விஷயம்.

நம் உறுப்பினர் ஒருவர் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி ஆறு மாதம் மெட்ராஸ் ஜில்லாக் காகிதங்களாகப் புரட்டியிருக்கிறார். எப்படிக் கிடைக்கும்? திருவொற்றியூர் அன்றைக்கு மெட்ராஸே கிடையாது, செங்கல்பட்டு ஜில்லா. 1997ல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனோம், 2011ல் மாநகராட்சியில் சேர்ந்தோம், சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018ல்தான். பழைய வரைபடத்தில் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்திருந்தால் முதல் நாளே எந்த ஜில்லா என்று தெரிந்திருக்கும். பெயரிலும் இதே சிக்கல்தான். வெள்ளைக்காரன் எழுத்தில் நம் ஊர் 'ட்ரிவட்டூர்'. நம் ஊர்க் காலாடிப்பேட்டையை அந்தப் பெயரில் தேடினால் சிக்காது, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் கலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய 'கலெட் பேட்டை' அது.

வரைபடத்தில் உங்கள் தாத்தா பெயர் இருக்காது, அதை நம்பி யாரும் வரவேண்டாம். பெயர் இருப்பது கிரயப் பத்திரத்தில். அதில் செக்குபந்தி என்று 'வடக்கில் இன்னார் வீடு, கிழக்கில் குளத்துக்குப் போகும் வழி' என எழுதியிருப்பார்கள் இல்லையா, அந்த நான்கெல்லையையும் டவுன் சர்வே படத்தில் பொருத்திப் பார்த்தால் மனை சிக்கும், மனையிலிருந்து சர்வே நம்பர், அதை வைத்து வில்லங்கச் சான்று போட்டால் யார் யாருக்கு விற்றார்கள் என்று பின்னாலேயே போகலாம். எங்கள் பத்திரத்தில் தெற்கு எல்லையாக இருந்தவர் தாத்தாவின் சொந்தத் தம்பி என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது. கதவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பழைய எண், புதிய எண் என்று கேட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிற ஊர் இது, அதற்கும் முந்தைய எண் ஒன்று இருந்திருக்கும். பத்திரத்தில் காணி என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், 24 கிரவுண்டு ஒரு காணி, கிரவுண்டு 2400 சதுர அடி.

அப்புறம் குப்பத்து ஆயா விஷயம். "எங்க அம்மா ஊடு அதோ அங்க, கடலுக்குள்ள இருக்குது" என்று அவர் கை காட்டும்போதெல்லாம் வயசான பேச்சு என்று நான் சிரித்திருக்கிறேன். பழைய வரைபட ஷீட்டின் பிரிண்ட் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து வரைந்து, இன்றைய படத்தின் அளவுக்கு ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, கோயில், குளம், ஹைரோடு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். மூன்றும் உட்கார்ந்துவிட்டன. கரை மட்டும் உட்காரவில்லை. குப்பத்து வீடுகளுக்கான குட்டிக் கட்டங்கள் ஒரு வரிசையாக, இன்றைக்குப் பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்தைத் தாண்டித் தண்ணீரில் கிடந்தன. 1870களில் துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை தேய்ந்தது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆயா அந்தத் தாளில் விரலை வைத்து "இது கெணறு, இது எங்க ஊடு, இது பெரியம்மா ஊடு" என்று எண்ணிக்கொண்டே போய்ப் பதினொரு குடும்பம் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு உடன் இருந்தது இரண்டே உறுப்பினர்கள்.

கணக்கு விஷயம். பிரிண்ட், ஜெராக்ஸ், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆட்டோவில் பாதி என் கைக்காசு. மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம். சந்தா 84 பேரில் 37 பேர் கட்டியிருக்கிறார்கள். கட்டாதவர்கள் பெயர்களைப் படிக்கச் சொன்னார்கள், நான் படிக்கவில்லை, பட்டியல் மட்டும் என் பையில் இருக்கிறது.

தலைவர் ஐயாவுக்கும், நாற்காலி கொடுத்த உறுப்பினருக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த வருடம் செயலாளராக வேறு யாராவது வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், வரமாட்டீர்கள் என்றும் தெரியும். டிரேசிங் தாள்கள் என் வீட்டுப் பீரோ மேல் சுருட்டிக் கிடக்கின்றன, இந்த மழைக்குள் லேமினேஷன் போட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பழைய பத்திரம் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், ஜெராக்ஸ் போதும். வருகிற கையோடு சந்தாவையும் கொடுத்துவிட்டால் ரசீது புத்தகம் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்