பழைய ஆபரேஷன் ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக இதய நாளையொட்டி வந்த மாரடைப்புக் கட்டுரையில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, கொழுப்பு எல்லாம் இருந்தன. பிறவி இதயக் கோளாறோடு பிறந்து, சின்ன வயதில் ஆபரேஷன் ஆகி, இன்று வேலை, குடும்பம் என்று இருப்பவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று இப்படிப் பிறக்கிறது. முன்பெல்லாம் சிக்கலான கோளாறு என்றால் பிள்ளை தங்காது. இப்போது பெரும்பாலோர் பிழைத்து வளர்ந்துவிடுகிறார்கள். 2009இல் தமிழ்நாட்டில் காப்பீட்டுத் திட்டம் வந்த புதிதில் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் பலர் இன்று சம்பாதிக்கிறார்கள். இனி அவர்களுக்கும் நம் எல்லோரையும் போல வயதாகும், ரத்தக் குழாயில் கொழுப்பு படியும். தெற்காசியர்களுக்கு அது சீக்கிரமே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் நம்மவர்களின் முதல் மாரடைப்பு வயது சராசரியாக 53, மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி.

‘ஓட்டையை அடைச்சாச்சு, இனி ஒன்றுமில்லை’ என்பது சிலருக்குச் சரி. எல்லோருக்கும் அல்ல. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி குறுகிப் பிறந்தவர்களுக்கு அதைச் சரிசெய்த பிறகும் பல வருடம் கழித்து ரத்தக்கொதிப்பு வருவதுண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் இதயக் குழாய் அடைப்பில் கொண்டுபோய் விடும். பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு அவற்றை மாற்றி இணைக்கும்போது, இதயத் தசைக்கு ரத்தம் தரும் கொரோனரி குழாய்களையும் வெட்டி எடுத்து வேறு இடத்தில் தைக்கிறார்கள். பின்னாளில் அந்தத் தையல் இடம் சுருங்கிவிடுவது உண்டு.

ஒரு முகாமில் முப்பதைத் தாண்டிய தம்பி ஒருவர் கொதிப்பு பார்க்க இடது கையை நீட்டினார். மேல் அளவு 110. ‘நார்மல்’ என்று எழுதப் போனார்கள். இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகோடு வளைந்து போகும் பழைய தழும்பு பனியனுக்கு மேலே தெரிந்தது. வலது கையில் கட்டச் சொன்னேன். 164! மகாதமனிக் குறுகலைச் சரிசெய்யும் சில ஆபரேஷன்களில் இடது கைக்குப் போகும் குழாயையே எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்தக் கையில் பார்த்தால் கொதிப்பு இருப்பதே தெரியாது. அவருக்கோ என்ன ஆபரேஷன் என்றே தெரியவில்லை. ‘ஹார்ட்ல ஏதோ பண்ணாங்கக்கா’ என்பதோடு சரி.

இப்படித்தான் பலரும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். வரன் பார்க்கும் நேரத்தில் ஃபைல் பரண் மேல் போய்விடும், சில வீடுகளில் அடுப்புக்கே போயிருக்கிறது. பிறகு நெஞ்சுவலி என்று ஓடும்போது டியூட்டி டாக்டருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற பிறவிக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆனவர்களின் ஈசிஜி சாதாரண நாளிலேயே மாறுபட்டுத்தான் இருக்கும். பழைய ஈசிஜி இருந்தால்தான் புதிதாக ஏதாவது நடந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ‘பழைய ஆபரேஷன் வலிதான்’ என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருப்பதும் ஆபத்து.

இன்னொரு வழக்கம், ‘ஓடாதே, ஆடாதே’ என்று பொத்திப் பொத்தி வளர்ப்பது. டாக்டர் தடை சொல்லாத பிள்ளைக்கும் வீட்டில் தடை. இருபத்தைந்து வயதில் தொப்பையும், அதன் பின்னாலேயே சர்க்கரையும் வருவதற்கு இதய ஓட்டையைக் குறை சொல்லி என்ன பயன்? நடக்கலாமா, ஓடலாமா, எவ்வளவு என்று இதய மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி உடம்பை அசைக்க வேண்டியதுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் 2021இலிருந்து வீடு வீடாகப் போய்க் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல வேலை. அவர்கள் கேட்கும் கேள்விகளோடு, ‘சின்ன வயதில் இதய ஆபரேஷன் உண்டா?’ என்பதையும் அரசு சேர்க்க வேண்டும். உண்டு என்றால் இரண்டு கையிலும் அளந்து, அதிகமாக உள்ள அளவை எழுதச் சொல்ல வேண்டும். அப்படியே கொழுப்புப் பரிசோதனைக்கும் அனுப்பிவிடலாம். தனியாக ஒரு திட்டம் போட வேண்டிய செலவெல்லாம் இதற்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.