சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஹாலைத் திறந்து விடுங்க

ஹால் நிர்வாகத்துக்கும் அதுக்குப் பணம் ஒதுக்குற கமிட்டியில இருக்குற பெரியவங்களுக்கும் வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோவுல சோமா ஏரியாவுல ஏழு வருஷமா குடியிருக்கேன். இங்கிலீஷ்ல மூணு மெயில் போட்டாச்சு, மூணுக்கும் "உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்"னு ஒரே மெஷின் பதில் தான் வந்துச்சு, அதனால நாலாவதை எனக்கு நல்லா வர்ற பாஷையில எழுதுறேன். புரியலைன்னா ஆள் வச்சு மொழிபெயர்த்துக்கோங்க. டகாலோக் (பிலிப்பினோக்காரங்க பாஷை) மட்டுமே படிக்கத் தெரிஞ்ச கிழவிங்களுக்கு நீங்க வெறும் இங்கிலீஷ்ல நோட்டீஸ் ஒட்டலாம்னா நான் தமிழ்ல மடல் எழுதினா என்ன தப்பு? இத்தனைக்கும் இந்த சிட்டி பிலிப்பினோ மொழியையும் அறிவிப்பு மொழியா சேர்த்தது 2014லயே.

விஷயம் உங்களுக்கே தெரியும், சுத்தி வளைக்கல. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் நடந்த பிலிப்பினோ இலவச கலை வகுப்பை செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மாத்திட்டீங்க. ஃபோன்ல ஸ்கேன் பண்ணி முன்பதிவு பண்ணணும்னுட்டீங்க. தலைக்குப் பன்னெண்டு டாலர் மெட்டீரியல் ஃபீஸ்னுட்டீங்க, ஆனா நோட்டீஸ்ல மேல இன்னும் "இலவசம்"னு தான் இருக்கு, அதை அழிக்க மறந்துட்டீங்க போல. நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான். சனிக்கிழமை சாயங்காலம் ஹாலைத் திறந்து விடுங்க, பழையபடி காசில்லாம.

போன சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு உங்க ரிப்போர்ட்ல "வாசலில் சிறு கூட்டம், கலைக்கப்பட்டது"னு இருக்கும்னு நினைக்கிறேன். நடந்ததை நான் சொல்றேன். நவம்பர்னா இங்க அஞ்சு மணிக்கே இருட்டிடும், அந்த முக்குல காத்து வேற மூஞ்சில அறையும். நானும் என் பொண்ணும் வந்தப்ப கதவு பூட்டியிருந்துச்சு. கண்ணாடிக்கு உள்பக்கம் செலோடேப் போட்டு ஒரு பேப்பர், ஆறு வரி, கீழ ஃபோன்ல ஸ்கேன் பண்றதுக்கு அந்தக் கட்டம் கட்டமா இருக்குற க்யூஆர் கோட். வாசப்படியில லோலா உக்காந்திருந்தாங்க. லோலான்னா பாட்டி, எங்க எல்லாருக்குமே அவங்க லோலா தான். 86 வயசு. ஆறாவது தெருவுல பாத்ரூம் பொதுவா இருக்குற ஹோட்டல் ரூம் ஒண்ணுல தனியா இருக்காங்க, வாக்கர் தள்ளிக்கிட்டு நாலு பிளாக் நடக்க அவங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதனால நாலு மணிக்கே கிளம்பிடுவாங்க. மடியில ஒரு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள மூங்கில் சிம்பு, ரப்பர் பேண்டு, பாதி கட்டின நட்சத்திரம். பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குப் படிக்க வரல, சரி இன்னைக்கு லேட்டா திறப்பாங்க போலன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. எவ்வளவு நேரமா இருக்கீங்கன்னு கேட்டேன், "இப்ப தான் அனாக்"னாங்க. அனாக்னா பிள்ளை, குழந்தை. கையைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு.

அந்த நட்சத்திரம் என்னன்னு கமிட்டிக்குத் தெரியாம இருக்காது, உங்க டிசம்பர் போஸ்டர்ல அதோட படத்தைத் தானே போடுறீங்க. பாரோல். கிறிஸ்துமஸுக்கு ஜன்னல்ல தொங்கவிடுற விளக்குக் கூடு. படம் பாத்தா சுலபம், கட்டிப் பாத்தா தான் தெரியும். அஞ்சு சிம்பை குறுக்கும் நெடுக்குமா வச்சா ஒரு நட்சத்திரம், அதே மாதிரி இன்னொண்ணு, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் இறுக்கிக் கட்டணும். அப்புறம் நடுவுல அஞ்சு மூலையிலயும் குட்டைக் குச்சி சொருகினா அப்படியே வயிறு உப்பிக்கிட்டு எழுந்து நிக்கும், பூரி உப்புற மாதிரி. குட்டைக் குச்சி ஒரு நூல் நீளமா போனாலும் முனை தெறிச்சுடும். லோலாவுக்கு இப்ப விரல் மடங்காது, அதனால அவங்க சொல்லச் சொல்ல என் பொண்ணு கட்டுவா. மூணு வாரமா அப்படித்தான் ஓடிட்டு இருந்துச்சு. அன்னைக்கு நடைபாதையிலயே உக்காந்து கட்ட ஆரம்பிச்சோம், இன்னும் ஒம்பது பத்து பேர் வந்து சேந்துக்கிட்டாங்க, ஒருத்தர் ஃபோன் டார்ச் அடிச்சாரு. நாலாவது குச்சி சொருகுறப்ப உங்க செக்யூரிட்டி தம்பி வந்து படியில கூட்டம் போடக்கூடாது, குச்சி எல்லாம் வச்சிருக்கக் கூடாது, பர்மிட் இருக்கான்னு கேட்டாரு. அவர் மேல கோவம் இல்ல, பாவம், அவரும் பிலிப்பினோ தான், லோலா முகத்தைப் பாக்காம தான் சொன்னாரு. பஸ் ஸ்டாப் வெளிச்சத்துக்குப் போய் அஞ்சாவது குச்சியைச் சொருகினோம். லோலாவுக்கு மறுநாள்ல இருந்து இருமல்.

செவ்வாய் மதியம் ரெண்டு மணின்னு எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். வகுப்புல இருக்குற முக்கால்வாசிப் பேர் வயசானவங்களைப் பாத்துக்கிற வேலையிலயும் நர்ஸ் வேலையிலயும் ஹோட்டல் ரூம் கிளீன் பண்ற வேலையிலயும் இருக்காங்க. எங்க கூட வர்ற ஒரு ஆத்தே ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு வீட்டுக்குள்ள போனா சனிக்கிழமை மதியம் தான் வெளிய வருவாங்க, நடுவுல அந்த வீட்டுப் பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்கணும், ஊட்டணும், ராத்திரி ரெண்டு தடவை எழுந்திரிக்கணும். (ஆத்தேன்னா அக்கா. முதல் நாள் என்னை ஆத்தேன்னு கூப்பிட்டப்ப ஆத்தான்னு சொல்றாங்களோன்னு கொஞ்சம் மனசு சுருக்குன்னு ஆயிடுச்சு, அது வேற கதை.) அவங்களுக்கு வாரத்துல இருக்குறதே அந்த சனிக்கிழமை சாயங்காலம் தான். கொரோனா சமயத்துல இவங்களுக்குத் தானே நாமெல்லாம் பால்கனியில நின்னு கைதட்டினோம். இந்த நாட்டு நர்ஸுங்கள்ல நூத்துக்கு நாலு பேர் பிலிப்பினோ, ஆனா 2020 செப்டம்பர் வரைக்கும் கொரோனாவுல செத்த நர்ஸுங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் அவங்கதான்னு நர்ஸுங்க சங்கம் கணக்கு எடுத்துச் சொல்லுச்சு. அவங்களுக்கு வாரத்துல மூணு மணி நேரம் ஒரு ஹால் கிடைக்கல.

உனக்கு என்னம்மா இதுல, நீ தமிழ்க்காரி தானேன்னு கேப்பீங்க. எங்க ஆளுங்களே கேக்குறாங்க. நான் வந்த புதுசுல விசா தகராறுல வேலைக்குப் போக முடியாம ரெண்டு வருஷம் பன்னெண்டாவது மாடியில ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவ. ஒரு பொங்கலுக்கு சன்னிவேல் கடையில டப்பாவுல விக்கிற குண்டுமல்லி வாங்கித் தலையில வச்சுக்கிட்டு லிஃப்ட்ல இறங்கினேன், லாபி துடைச்சிட்டு இருந்த அக்கா மாப்பை அப்படியே போட்டுட்டுக் கிட்ட வந்து மோந்து பாத்து "சம்பகீதா"ன்னாங்க. அவங்க நாட்டோட தேசியப் பூவே நம்ம மதுரை மல்லி தான். அங்கயும் கோயில் வாசல்லயும் சிக்னல்லயும் பிள்ளைங்க சரம் சரமா கட்டி விப்பாங்களாம். அந்த அக்கா தான் எங்களை அந்த ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாங்காய்ங்கிற நம்ம வார்த்தை மலாய் வழியா போய் அங்க மங்கான்னு இருக்குன்னும் அங்க தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்களை யாரும் எந்த ஊருன்னு கேட்டு ஃபார்ம் நீட்டல. என் பொண்ணு அங்க தான் குலின்தாங்னு ஒரு வாத்தியம் கத்துக்கிட்டா, வெண்கலச் சட்டியைக் கவுத்து வச்ச மாதிரி எட்டு, ஒரே வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு குமிழ், நம்ம ஜலதரங்கத்துக்கு ஒண்ணு விட்ட தம்பின்னு வச்சுக்கோங்களேன். அந்த எட்டும் இப்ப உங்க ஸ்டோர் ரூம்ல பூட்டிக் கிடக்கு. அது வாத்தியாரோட சொந்த வாத்தியம், அதை வெளிய எடுக்கவும் ஃபார்ம் இருக்குன்னு சொல்றீங்க.

நான் ஒண்ணும் ஒழுங்கு இல்ல, அதையும் சொல்லிடுறேன். இந்த ஏரியா வாடகை ஏறினதுல எங்க ஐடி கும்பலுக்கும் பங்கு இருக்கு. எங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்துல ரிசால், மபினி, போனிஃபாசியோ, லாபு லாபுன்னு குட்டிக் குட்டித் தெரு, ரெண்டு வருஷம் நான் ஏதோ ஸ்பானிஷ் பேருன்னு நினைச்சு உபேர்காரனுக்கு தப்புத் தப்பா சொல்லிட்டு இருந்தேன். லாபு லாபு 1521ல ஸ்பெயின் கப்பலோட வந்த மகெல்லனையே எதிர்த்து நின்ன ஊர்த்தலைவர், ரிசால் 1896ல ஸ்பெயின்காரன் சுட்டுக் கொன்ன எழுத்தாளர். நம்ம ஊர்ல கட்டபொம்மன் தெரு, பாரதி தெரு இருக்குற மாதிரி. தெருவுக்குப் பேரு இருக்கு, அந்தத் தெருவுல அந்த ஜனங்க இருக்கணுமேன்னு தான் யாருக்கும் தோணல. பிலிப்பினோ ஜனங்களை விரட்டுறது ஒண்ணும் புதுசு இல்ல. கியர்னி தெருவுல இன்டர்நேஷனல் ஹோட்டல்ல இருந்த வயசான பிலிப்பினோ, சீனத் தொழிலாளிங்களை 1977 ஆகஸ்ட் 4 விடியக்காலை நூத்துக்கணக்கான போலீஸ் வந்து தூக்கிட்டுப் போனாங்க, கைகோத்து நின்ன ஆயிரக்கணக்கான பேரால கூட தடுக்க முடியல. அந்தப் பெரியவங்களை மனோங்னு தான் கூப்பிடுவாங்க, அண்ணன்னு அர்த்தம். இடிச்சுத் தள்ளின இடம் வருஷக்கணக்கா வெறும் பள்ளமா கிடந்துச்சு, அங்க மறுபடி முதியோர் வீடு வந்தது 2005ல.

லோலாவோட வீட்டுக்காரர் ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கக் கொடிக்குக் கீழ சண்டை போட்டவர். போர் முடிஞ்ச கையோட 1946ல சட்டம் போட்டு அவங்களுக்குச் சொன்ன சலுகையை எல்லாம் பிடுங்கிட்டாங்க, 1990ல தான் குடியுரிமைக்கு வழி விட்டாங்க, 2009ல குடியுரிமை வாங்கினவங்களுக்கு 15,000 டாலர், வாங்காதவங்களுக்கு 9,000 டாலர்னு ஒரே தடவையில கணக்கு முடிச்சாங்க. அவர் 2006லயே போய்ச் சேந்துட்டாரு. இப்ப அந்தக் கிழவிகிட்ட பன்னெண்டு டாலர் மெட்டீரியல் ஃபீஸ் கேக்குறீங்க. மூங்கிலும் ரப்பர் பேண்டும் அவங்களே கொண்டு வர்றாங்க, பேப்பர் நாங்க வாங்குறோம், அப்ப உங்க மெட்டீரியல் என்னது, சுவரா?

2016ல ரெண்டாவது தெருவுல இருந்து பதினொண்ணாவது தெரு வரைக்கும் பிலிப்பினோ பண்பாட்டு மாவட்டம்னு சிட்டியே தீர்மானம் போட்டுச்சு, அடுத்த வருஷம் மாநிலமும் அங்கீகாரம் குடுத்துச்சு. ரொம்ப சந்தோஷம். பண்பாட்டை எங்க வச்சு வளக்கணும்னு தீர்மானத்துல போட்டிருந்தா உபகாரமா இருந்திருக்கும். உங்க ஆண்டறிக்கை அட்டையில மூங்கில் கழிக்கு நடுவுல குதிக்கிற பிள்ளைங்க படம் போட்டு "பன்முகத்தன்மை எங்கள் பலம்"னு எழுதியிருக்கீங்களே, அது போன வருஷம் நம்ம வகுப்புல எடுத்தது, இடது ஓரத்துல வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறது என் பொண்ணு. இந்த வருஷம் படம் எடுக்க செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு கேமராவோட வாங்க. நாற்காலி நல்லா வரிசையா இருக்கும்.

அந்த ஹாலுக்குப் போற வழியில விக்டோரியா மணாலோ ட்ரேவ்ஸ் பேருல ஒரு பார்க் இருக்கு, பாத்திருப்பீங்க. இதே சோமாவுல பிறந்த பொண்ணு, அப்பா பிலிப்பினோ. மணாலோன்னு பேரு இருந்தா நீச்சல் கிளப்ல சேக்க மாட்டோம்னதால அம்மா வழிப் பேரு டெய்லர்னு போட்டுக்கிட்டு உள்ள போச்சு, 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல டைவிங்ல ரெண்டு தங்கம் வாங்குச்சு. வாசல்ல நிறுத்தி வைக்கிறதுக்கு அன்னைக்கு பேரைக் காரணம் சொன்னாங்க, இன்னைக்கு ஸ்மார்ட்ஃபோன் இல்லைங்குறீங்க.

சரி. கோவத்துல எழுதிக்கிட்டே போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கும் மேல ஆள் இருப்பாங்க, சனிக்கிழமைன்னா ஆளுக்கு ஓவர்டைம் குடுக்கணும், கரண்ட் பில்லு, இன்சூரன்ஸ்னு உங்க பக்கமும் கணக்கு இருக்கும். அதை எங்ககிட்ட உக்காந்து சொன்னா நாங்களும் யோசிப்போம்ல. திறந்து மூட ஆள் இல்லைன்னா எங்கள்ல ரெண்டு பேர்கிட்ட சாவி குடுங்க, கையெழுத்து போட்டு வாங்கிக்கிறோம், எட்டு மணிக்குப் பெருக்கித் துடைச்சு பூட்டிட்டுப் போறோம். அந்தக் கூட்டத்துல பாதிப்பேருக்கு தொழிலே பெருக்குறதும் துடைக்கிறதும் தான், உங்க கான்ட்ராக்ட் ஆளுங்களை விட சுத்தமா இருக்கும். முன்பதிவு வேணும்னா வாசல்ல ஒரு நோட்டு வைங்க, பேனாவும் நாங்களே கொண்டு வர்றோம். நோட்டீஸை டகாலோக்லயும் பெரிய எழுத்துல போடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, காசில்லாம, அந்த ஹாலைத் திறந்து விடுங்க. தயவு செஞ்சு.

டிசம்பர் 16ல இருந்து அவங்களுக்கு ஒம்பது நாள் விடியக்காலை பூஜை, நம்ம மார்கழி மாதிரியே. அதுக்கு முன்னாடி இருபத்தி ரெண்டு பாரோல் முடிக்கணும். இப்ப வரைக்கும் ஏழு கட்டியாச்சு, எல்லாம் எங்க வீட்டு ஹால்ல தொங்குது, வீட்டுக்காரர் தலையில இடிச்சுக்கிட்டே நடக்குறாரு.

இப்படிக்கு,
மதுரைக்காரி, இப்போ சோமாக்காரி

பின்குறிப்பு: லோலாவுக்கு இருமல் பரவாயில்ல. இந்த சனிக்கிழமையும் நாலு மணிக்குக் கிளம்புவேன்னு சொல்லிட்டாங்க, சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நாலே முக்காலுக்கு வாசல்ல இருப்பாங்க.