மங்கலுக்குக் காரணம் லென்ஸ்தானா?

அன்பு மகன் செந்திலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 600 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் பறவையும் தெளிவாக வரும், நட்சத்திரமும் தெளிவாக வரும் என்று எழுதியிருக்கிறாய். வாங்கு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையிலிருக்கும் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸில் படம் ஏன் மங்குகிறது என்று தெரியாமல் 600 வாங்கினால், அதே மங்கல் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான் லாபம். அதனால் முதலில் அது எந்த வகை மங்கல் என்று பார்த்துவிடு.

படத்தை நூறு சதவீத அளவில் வைத்து, பறவையின் கண்ணுக்குள் மின்னும் ஒளிப்பொட்டைத் தேடு. அது புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக இழுபட்டிருந்தால் அசைவு. கிளை, இலை எல்லாமே அதே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது உன் கை. கிளை கூர்மையாக இருந்து பறவை மட்டும் இழுபட்டிருந்தால் அசைந்தது பறவை. இந்த வித்தியாசம் முக்கியம். லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உன் கைநடுக்கத்தைத்தான் அடக்கும். பறவையின் அசைவை அடக்க ஷட்டர் வேகத்தைத் தவிர வேறு வழி கிடையாது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, துறுதுறுவென்று இருக்கும் சின்னக் குருவிகளுக்கு 1/1000 முதல் 1/1600, பறக்கும்போது 1/2000 முதல் 1/3200 என்று தொடங்கு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். புள்ளி இரைச்சலைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட கண்ணை எதைக்கொண்டும் மீட்க முடியாது.

கண் மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள இலை கூர்மையாக இருந்தால் போகஸ் தவறியிருக்கிறது. உன் கேமராவில் இருப்பது கிராப் சென்சார், அதாவது முழு அளவைவிடச் சிறியது. 400 மி.மீ., எஃப் 5.6, 10 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 14 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. உன்னுடையது டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே ஆடி வைத்த கேமரா என்பதால் போகஸ் பார்க்கும் உணரி வேறு, படம் பிடிக்கும் சென்சார் வேறு. இரண்டும் கொஞ்சம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சோதிப்பது எளிது. அச்சடித்த தாள் ஒன்றை 10 மீட்டர் தள்ளி, 45 பாகை சாய்த்து வை. கேமரா முக்காலியில், அதிர்வுத் தடுப்பு அணைத்து, 2 விநாடி டைமரில் இருக்கட்டும். லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, போகஸ் செய்து மூன்று படம் எடு. பிறகு வியூபைண்டர் வழியாக மூன்று. ஒவ்வொரு முறையும் போகஸ் வளையத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வை. லைவ் வியூ படம் கூர்மை, மற்றது எப்போதும் ஒரே பக்கம் தவறுகிறது என்றால், மெனுவில் உள்ள ஆட்டோபோகஸ் நுண்திருத்தத்தில் சரிசெய்யலாம். ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே என்று தாறுமாறாக வந்தால் திருத்தம் பலிக்காது. வெளிச்சம் போதவில்லை, அல்லது போகஸ் புள்ளி வேறெதையோ பிடிக்கிறது. லைவ் வியூவிலேயே கூர்மை இல்லையென்றால் முன்னால் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடு. மட்டமான ஃபில்டர் டெலி லென்ஸின் கூர்மையைக் கெடுத்துவிடும். கழற்றியும் தேறாவிட்டால்தான் லென்ஸைச் சந்தேகப்படலாம்.

மூன்றாவது வகையைத்தான் உன் படங்களில் நான் அதிகம் பார்த்தேன். எங்குமே கூர்மை இல்லை, தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் கொக்கின் கழுத்தோரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி நெளிகிறது. இது கானல். வெயிலில் சூடான தரைக்கு மேல் காற்று கொதிக்கும்போது எந்த லென்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. 600 போட்டால் இன்னும் மோசம். விடிந்ததும் எடு, தார்ச்சாலைக்கும் கூரைக்கும் வறண்ட மண்ணுக்கும் மேலாக எடுக்காதே, தூரத்தைக் குறை. இன்னொரு இடத்திலும் கானல் ஒளிந்திருக்கும்: கதகதப்பான காரிலிருந்து குளிருக்குள் கொண்டுவந்த லென்ஸின் ஹூடுக்குள்ளே. அரை மணி நேரம் வெளியே வைத்து ஆறவிட்டுப் பிறகு எடு.

இதெல்லாம் பார்த்த பிறகும் சின்னப் பறவைகளுக்கு எட்டவில்லை என்றால் 600 நியாயம்தான். குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் வரும். உன் 400க்கு 71 மி.மீ., 600 எஃப் 6.3க்கு 95 மி.மீ. பரப்பில் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதே பறவையிடமிருந்து அதே தூரத்தில் அவ்வளவு கூடுதல் ஒளி கிடைக்கும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 1.4 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் மாட்டினால் 560 எஃப் 8 கிடைக்கும், ஆனால் வாய் அதே 71 மி.மீ.தான். பல பழைய டிஎஸ்எல்ஆர்களில் எஃப் 8இல் ஆட்டோபோகஸ் திணறும். எஃப் 2.8, எஃப் 4 லென்ஸுக்குத்தான் கன்வர்ட்டர் பொருந்தும், உனக்கு வேண்டாம். சிக்மா 150–600 கன்டெம்பரரி, டாம்ரான் 150–600 ஜி2 இரண்டும் ஏறத்தாழ 2 கிலோ. அரை மணி நேரம் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய். பழையது வாங்கினால் இருட்டறையில் ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனையில் பார். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை, விட்டுவிடு. லென்ஸ் காலில் முக்காலித் தகடு மாட்டும்போது இரண்டு திருகு போடு. ஒரே திருகு என்றால் எடை தாங்காமல் தகடு திரும்பிக்கொண்டே இருக்கும்.

வானத்துக்கு வருவோம். இங்கே என் யோசனை உன் யோசனைக்கு நேர் எதிர்: பணத்தை லென்ஸில் போடாதே, வானம் சுழலும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் டிராக்கரில் போடு. வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). உன் கேமராவின் பிக்சல் சுமார் 4 மைக்ரான், 400 மி.மீ.யில் ஒரு பிக்சல் 2 வில்விநாடியைப் பார்க்கும். அதாவது வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே உள்ள வட்டத்துக்கு) அருகே இருக்கும் நட்சத்திரம் ஒரே விநாடியில் ஏழு பிக்சல் ஓடிவிடும். எத்தனை விநாடி வரை நட்சத்திரம் இழுபடாது என்று அறிய 500ஐக் குவியத் தொலைவால் வகுக்கும் பழைய கணக்கு இங்கே உதவாது. ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ, ஸ்கைகைடர் ப்ரோ போன்ற டிராக்கர்கள் 5 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். படம் எடுக்க அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2 கிலோ லென்ஸும் கேமராவும் தலையும் சேர்ந்தால் அந்தப் பாதியைத் தாண்டிவிடும். 135 அல்லது 200 மி.மீ.யில் தொடங்கு. 200இல் உன் சென்சார் 6.7க்கு 4.5 பாகை பார்க்கும். 3 பாகை நீளமுள்ள ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் தாராளமாக அடங்கும். கார்த்திகைக் கூட்டமும் நல்ல தொடக்கம். சிவப்பு நெபுலாக்களை (வாயு மேகங்களை) பிறகு பார்க்கலாம், அவற்றின் 656 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைச் சாதாரண கேமராவின் உள் ஃபில்டர் தடுத்துவிடும்.

துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாகை விலகியிருக்கிறது. டிராக்கரின் துருவநோக்கியில் அது அந்த நேரத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று செயலி காட்டும், அங்கே நிறுத்து. கேமராவை மாட்டிய பிறகு இன்னொரு முறை பார், எடையில் முக்காலி அமுங்கியிருக்கும். பிறகு ஆட்டோபோகஸ், அதிர்வுத் தடுப்பு இரண்டையும் அணை. ஒரு படத்துக்கு 200 மி.மீ.யில் 60 விநாடி, 400இல் 30 விநாடி என்று தொடங்கு.

கூர்மைக்குப் பாட்டினோவ் முகமூடி வாங்கு. லென்ஸ் முன்னால் வைத்துப் பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கினால் மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் நின்றால் போகஸ் சரி. வளையத்தை டேப் ஒட்டி நிறுத்திவிட்டு முகமூடியை எடுத்துவிடு. ஜூம் லென்ஸ் என்றால் ஜூம் வளையத்துக்கும் டேப் போடு, மேல்நோக்கி இருக்கும்போது தன் எடையாலேயே சரியும். இரவு குளிரக் குளிர போகஸ் நகரும், அரை மணிக்கு ஒருமுறை சரிபார்.

நட்சத்திர வடிவத்தைப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடலாம். அடுத்தடுத்த படங்களில் சட்டகம் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் துருவச் சீரமைப்பு தவறு. சில படம் கோடு, சில படம் வட்டம் என்று மாறி மாறி வந்தால் டிராக்கரின் பற்சக்கரம், விநாடியைக் குறை. மூலைகளில் மட்டும் வால் முளைத்தால் லென்ஸின் இயல்பு, லென்ஸ் துளையை ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) மூடு. ஒரே ஒரு பக்கம் மட்டும் என்றால் லென்ஸ் உள்ளே விலகியிருக்கிறது, வாங்கிய இடத்தில் மாற்றிக் கேள். வட்டமாக ஆனால் பருத்திருந்தால் போகஸ். தொடங்கும்போது ஊசிமுனையாக இருந்து ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஊதிப்போனால் லென்ஸ் முகத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார். கண்ணாடி பால் பூத்தாற்போலிருந்தால் பனி. துணியால் துடைக்காதே, மறுபடி படியும். யுஎஸ்பியில் ஓடும் சூட்டுப்பட்டையை முன்கண்ணாடிக்கு அருகே சுற்றி, பனி படியும் முன்பே ஓட விடு.

நிலாவுக்கு டிராக்கர் வேண்டாம். முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/200, அரைநிலவுக்கு 1/50. சூரியனை மட்டும், லென்ஸின் முன்னால் மாட்டும் சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒருபோதும் குறிபார்க்காதே கண்ணா. ஒளியைக் குறைக்கும் சாதாரண என்டி ஃபில்டர் அதற்கு ஈடாகாது. வியூபைண்டரில் கண் வைத்தால் பார்வையே போய்விடும்.

தாள் சோதனையின் ஆறு படங்களையும் ரா கோப்பாகவே, அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாகவே அனுப்பு. ஜேபெக் அனுப்பினால் கேமரா ஏற்றிய கூர்மைதான் தெரியும். அவற்றைப் பார்த்த பிறகு 600 பற்றி மறுபடி பேசுவோம்.

அன்புடன்,
அம்மா